கூப்பன் அடிப்பதற்கு முன்: லிட்டில் இந்தியா வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு லிட்டில் இந்தியா வட்டார வணிகப் பெருமக்களுக்கும், அவர்களோடு கலந்து பேசிவரும் கோயில் நிர்வாகத்தினருக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நம் வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு கூப்பன் விடலாம் என்று உங்களுக்குள் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டு எழுதுகிறேன். நூறு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கூப்பன் கிடைக்கும். மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் கடைகளில் மட்டும் அது செல்லும். தீபாவளிக் காசு பேரங்காடிக்கும் இணையக் கடைக்கும் ஓடாமல் தெருவுக்குள்ளேயே சுற்றும். திட்டம் இதுதான் என்றார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நூறு வெள்ளியை மொத்தமாக எடுத்து முன்கூட்டியே கட்டக்கூடியவர் யார்? ஏற்கெனவே உங்கள் கடைக்கு வந்துகொண்டிருப்பவர்தான். ஆயர் ஈத்தாமில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், மாதக் கடைசியில் கைப்பேசிக்குப் பத்து வெள்ளி டாப்அப் போடவே யோசிக்கிறவர்கள் அதிகம். அவர்களுக்கு இந்தக் கூப்பனால் ஆகப்போவது எதுவுமில்லை. உள்ளூர் நாணயத்தால் ஊர் ஒன்றுபடும், அக்கம்பக்கத்து உறவு வளரும் என்று விளம்பரத்தில் போடப்போகிறீர்களாம். அப்படியானால் அந்தச் சொல்லுக்குத் தகுந்தபடி திட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியவள் நான்; கணக்குப் பக்கத்திலிருந்துதான் பேசத் தெரியும்.

நீங்கள் நினைப்பதைப் போன்ற நாணயங்கள் இங்கிலாந்தில் வரிசையாக வந்தன. டோட்னஸ் நகரில் 2007-ல், லண்டனின் பிரிக்ஸ்டனில் 2009-ல், பிரிஸ்டலில் 2012-ல். பிரிஸ்டலின் அப்போதைய மேயர் ஜார்ஜ் ஃபெர்குசன் தம் சம்பளம் முழுவதையும் உள்ளூர் பவுண்டிலேயே வாங்கிக்கொண்டார். நகராட்சி வரியைக்கூட அதில் கட்ட முடிந்தது. பிரிக்ஸ்டன் நோட்டில் பாடகர் டேவிட் போவியின் படம். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் டோட்னஸ் பவுண்டு 2019-ல் நின்றுபோனது. பிரிஸ்டல் பவுண்டும் பத்தாண்டு நிறைவதற்குள் முடிந்தது. தாள் நோட்டை விட்டுவிட்டு மக்கள் அட்டைக்கும் கைப்பேசிக்கும் மாறியது ஒரு காரணம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உண்மைப் பவுண்டு ஒன்றைக் கொடுத்தால்தான் உள்ளூர்ப் பவுண்டு ஒன்று கிடைக்கும் என்ற ஏற்பாடு. பவுண்டு இல்லாதவர் வாசலுக்கு வெளியேதான் நின்றார்.

வோர்கல் கதையை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உள்ளூர் நாணயம் என்று வாயைத் திறந்தால் அதைச் சொல்லாமல் முடிப்பவர் இல்லை. ஆஸ்திரியாவின் அந்தச் சிற்றூரில் 1932-ல் மேயர் மிக்கேல் உண்டர்குகன்பெர்கர், மாதம் 1 விழுக்காடு மதிப்புக் குறையும் சீட்டை வெளியிட்டார். வைத்திருந்தால் தேயும் என்பதால் ஆளாளுக்குச் சீக்கிரம் செலவழித்தார்கள். பாக்கி வரிகூட வசூலானது. 1933-ல் மத்திய வங்கி தடுத்து நிறுத்திவிட்டது. எல்லோரும் அந்தத் தேய்மானத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் பார்ப்பது வேறு இடத்தை. வேலையில்லாமல் இருந்தவர்கள் சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள்; அந்தக் கூலியாகத்தான் சீட்டு ஊருக்குள் நுழைந்தது. நாணயம் எந்த வழியாக ஊருக்குள் நுழைகிறதோ, அந்த வழியில் நிற்கிறவர் கைக்குத்தான் முதலில் போகும்.

நம்மிடம் உள்ளூர்க் கடன் முறை இல்லாமலும் இல்லை. 555 புத்தகத்தைத் தெரியாத மலேசியர் உண்டா? அரை கிலோ பருப்பு, ஒரு டின் பால், ஒரு ரொட்டி என்று கடைக்காரர் எழுதுவார்; சம்பளம் வந்ததும் கோடு போட்டு அடிப்பார். வட்டி கிடையாது, பாரம் நிரப்ப வேண்டாம், ஜாமீன் வேண்டாம். அந்தச் சின்னப் புத்தகம் இருந்திராவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் வட்டி முதலைகளின் கதவை இன்னும் சீக்கிரமே தட்டியிருக்கும். இதற்காக நம் மளிகைக்காரர்களுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை, நான் சொல்கிறேன். ஆனால் அந்தப் புத்தகத்துக்கு ஒரே பக்கம்தான். அதில் வாடிக்கையாளர் எந்நாளும் கடன்காரர். அதே அம்மாள் கடைக்குப் பூ கட்டிக் கொடுத்தாலும், தீபாவளிக்கு முறுக்குச் சுற்றிக் கொடுத்தாலும் அது 555-ல் ஏறாது. சில்லறையாகக் கையில் வைத்து அனுப்பிவிடுவார்கள். பாக்கி வைத்தவர் கடைக்குள் வரும்போது குரல் தாழ்ந்துதான் வரும்.

அந்தப் புத்தகத்துக்கு இரண்டாவது பக்கம் ஒன்று போட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்தில் பல ஊர்கள் செய்து பார்த்திருக்கின்றன. கனடாவின் கோமக்ஸ் பள்ளத்தாக்கில் 1983-ல் மைக்கேல் லிண்டன் தொடங்கிய ‘லெட்ஸ்’ முறையில் எல்லோர் கணக்கும் சுழியத்தில் தொடங்கும். நான் உங்களுக்கு ஒரு வேலை செய்தால் என் கணக்கில் கூட்டல். உங்கள் கணக்கில் அதே அளவு கழித்தல். எல்லாவற்றையும் கூட்டினால் எப்போதும் சுழியம்தான் வரும். அச்சடிக்க எதுவுமில்லை, முன்பணம் கட்ட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் பெரு மந்தக் காலத்தில், 1934-ல், சிறு வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய ‘விர்’ ஏறக்குறைய இதன் வணிகர் வடிவம். இன்றும் நடக்கிறது. பொருளாதாரம் படுக்கும்போது அதன் புழக்கம் கூடுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நாட்டு நாணயம் கையில் வறளும்போது ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொள்கிறார்கள்.

லெட்ஸ் ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை. பல ஊர்களில் அதில் சேர்ந்தவர்கள் படித்த நடுத்தர வகுப்பினர். உடம்பு பிடித்துவிட ஆள் நிறைய இருந்தது. குழாய் பழுது பார்க்க ஆள் இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்க முடியாத கணக்கை வைத்துக்கொண்டு ஏழை என்ன செய்வார்? நீங்கள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். உழைப்பைக் கணக்கு வைக்க அடுக்குமாடிகளால் முடியும். அந்தக் கணக்கை அரிசியாக மாற்ற உங்களால்தான் முடியும்.

இப்போது எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். வயதானவர்களின் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. பிள்ளைகள் கோலாலம்பூரில், ஜோகூரில், சிங்கப்பூரில். இங்கே பெரியாஸ்பத்திரிக்கு ரத்தம் எடுக்கப் போகத் துணை வேண்டும். லிஃப்ட் ஓடாத நாளில் அரிசிப் பையைத் தூக்க ஆள் வேண்டும். மலாய்மொழியில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். கைப்பேசிக்கு வந்த எண்ணை எவனுக்கும் சொல்லாதீர்கள் பாட்டி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். வங்கிச் சேமிப்பு முழுவதையும் தொலைபேசி மோசடியில் பறிகொடுத்தவர்கள் எங்கள் புளோக்கிலேயே உண்டு. உதவ மனமுள்ள இளையவர்களும் இருக்கிறார்கள். தடையாக நிற்பது கூச்சம். ‘அந்தப் பிள்ளையைச் சும்மா சும்மா எப்படித் தொந்தரவு பண்றது’ என்று மருத்துவமனைத் தேதியையே தள்ளிப்போடும் கிழவிகளை எனக்குத் தெரியும்.

ஜப்பானில் இந்தக் கூச்சத்துக்கு வழி கண்டவர் ஒரு பெண்மணி. தெருகோ மிசுஷிமா 1973-ல் ஒசாகாவில் உழைப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர்கள் பெரும்பாலும் இல்லத்தரசிகள். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொண்ட நேரம், நோய்க்காரருக்குத் துணையிருந்த நேரம் எல்லாம் கணக்கில் ஏறும். வலுவுள்ள வயதில் சேர்த்ததைத் தள்ளாத வயதில் எடுத்துக்கொள்ளலாம். பின்னர் 1990-களில் இதே போன்ற ஏற்பாடு ‘ஃபுரேஆய் கிப்பு’ என்ற பெயரில் முதியோர் பராமரிப்புக்காகப் பல ஊர்களில் பரவியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று: மகன் தான் வேலை செய்யும் ஊரில் ஒரு முதியவரைக் கவனித்துச் சேர்த்த மணிநேரத்தை, தொலைவில் தனியாக இருக்கும் தன் தாய்க்கு மாற்றிவிடலாம். அங்கே வேறொருவர் அந்தத் தாயைக் கவனிப்பார்.

இதை நம் மாநிலத்துக்குள் பொருத்திப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வருகிற பையன் ஜெலுத்தோங்கில் ஒரு தாத்தாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகிறான். பட்டர்வொர்த்தில் இருக்கும் அவன் அம்மாவுக்கு அங்குள்ள ஒரு பெண் சமையலுக்கு உதவுகிறாள். தாத்தா சும்மா வாங்கிக்கொள்வதில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வரும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் வரும்வரை பார்த்துக்கொள்கிறார், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறார். அவர் பேரிலும் கூட்டல் விழுகிறது. கேட்பதற்கு இருந்த கூச்சம் அங்கே கரைகிறது. உள்ளூர் நாணயத்தின் சமூக விளைவு என்று நான் மதிப்பது இதைத்தான். உங்கள் விற்பனை ஏறினால் மகிழ்ச்சி. அது வியாபார விளைவு, அதை வேறு பத்தியில் எழுதிக்கொள்ளலாம்.

கோயில் பெரியவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். உதவியைக் கணக்கில் எழுதினால் அது உதவியா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வழியில் பந்தல் போட்டு விடிய விடியச் சமைக்கிறவர்கள் மணிநேரமா எழுதுகிறார்கள்? நியாயமான கேள்வி. தண்ணீர்ப் பந்தலையும் சாவு வீட்டையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் கட்சியும்கூட. ஆனால் எழுதி வைத்தாலே உறவு கெடும் என்பதை ஏற்க மாட்டேன். மொய் நோட்டு இல்லாத கல்யாணம் நம்மில் எத்தனை? புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து, ஊரே சேர்ந்து ஒருவருக்கு வட்டியில்லாமல் முதல் திரட்டிக் கொடுக்கிறது. யார் எவ்வளவு என்று வரி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. மொய்யின் கெட்ட பக்கமும் நமக்குத் தெரியும். திருப்பிச் செய்ய வழியில்லாதவர் விசேஷத்துக்கே தலைகாட்ட மாட்டார்.

ஆகவே கழித்தலுக்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லையைத் தொட்டவர் வீட்டுக்கு ஒரு ஆள் போய், அண்ணே, அக்கா, உங்களால் என்ன முடியும் என்று விசாரிக்கட்டும். பெயரை எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். இறந்தவரின் கழித்தலைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல் பொதுக் கணக்கில் அடித்துவிடுங்கள்.

கூட்டு, அதாவது மாதச் சீட்டு, பிடித்து ஏமாந்தவர்கள் இதைக் கேட்டதும் பயப்படுவார்கள். அதைத் தொழிலாக நடத்துவதற்கு 1971-லேயே சட்டம் தடை போட்டும் மாடிக்கு மாடி அது நடக்கிறது. கூட்டில் எல்லோர் பணமும் ஒருவர் கையில் குவியும். அவர் ஓடினால் முடிந்தது. கூட்டல் கழித்தல் கணக்கில் தூக்கிக்கொண்டு ஓட எதுவுமில்லை. கணக்கர் தப்புக் கணக்கு எழுதலாம். அதற்குத்தான் மாதா மாதம் எல்லோரும் பார்க்க நோட்டைத் திறந்து வைக்க வேண்டும்.

அடுத்தது எனக்குக் கோபம் வருகிற இடம். சுமத்ராவிலும் வட போர்னியோவிலும் தோட்ட நிர்வாகங்களே வில்லை அடித்துக் கூலியாகக் கொடுத்தன. தோட்டத்துக் கடையைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. நிபோங் திபால், பத்து காவான் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களை வில்லை இல்லாமலேயே கட்டிப்போட முடிந்தது. முன்பணமும் கடைப் பாக்கியும் போதுமானதாக இருந்தன. அதுவும் உள்ளூர் நாணயம்தான், பார்க்கப்போனால். காசு தெருவை விட்டு வெளியே போகாமல் நன்றாகவே சுற்றியது. முதலாளியின் தெருவில்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் கடைகளிலும் உணவகங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைக்கும் தம்பிகளின் சம்பளத்தில் ஒரு காசைக்கூடக் கூப்பனாகக் கொடுக்காதீர்கள். போனஸ் என்ற பெயரிலும் வேண்டாம். வோர்கலில் கூலியாகத்தானே கொடுத்தார்கள் என்று யாராவது மடக்கினால், அங்கே கொடுத்தது நகராட்சி, அதே சீட்டில் நகராட்சிக்கு வரி கட்டலாம் என்ற உறுதியோடு கொடுத்தது என்று பதில் சொல்லுங்கள். நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டமே, சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. அந்த விதி சும்மா வரவில்லை.

சட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். நாணயம் வெளியிடும் உரிமை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு மட்டுமே. கிளந்தான் மாநில அரசு 2010-ல் தங்க டினாரையும் வெள்ளி டிர்ஹாமையும் வெளியிட்டபோது, ரிங்கிட் ஒன்றே சட்டப்படி செல்லும் பணம் என்று பேங்க் நெகாரா தெளிவாகச் சொன்னது. ஒரு மாநில அரசுக்கே அந்தப் பதில். கென்யாவின் மொம்பாசாவில் 2013-ல் ஒரு புறம்போக்குக் குடியிருப்பின் சிறு வியாபாரிகள் ‘பங்களா பெசா’ என்று ஒரு சீட்டைத் தொடங்கிய சில வாரத்தில் அமைப்பாளர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது, ஆனால் அலைந்தவர்கள் அலைந்தவர்கள்தான். ஆகவே தாளில் அச்சடிப்பது, ரிங்கிட் போல எண் போடுவது, கோயில் கோபுரம் போட்டு நோட்டு மாதிரி வடிவமைப்பது எல்லாம் வேண்டாம். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவான கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிழலில், உறுப்பினர்களுக்கு இடையிலான மணிநேரக் கணக்காகத் தொடங்குங்கள். வக்கீல் ஒருவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நம் கண்முன்னால் இருக்கிறது. கூட்டுறவு நமக்குப் புதிதில்லை.

அர்ஜென்டினாவையும் மறக்கக் கூடாது. புவெனோஸ் ஐரெஸ் அருகே பெர்னால் என்ற இடத்தில் 1995-ல் சில அண்டைவீட்டார் தொடங்கிய பண்டமாற்றுச் சங்கம், நாட்டின் வங்கிகள் நொறுங்கிய 2002-ல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்டது என்று மதிப்பிடுகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிறகு சீட்டை அளவில்லாமல் அடித்தார்கள், கள்ளச்சீட்டும் புகுந்தது, விலை எகிறியது, ஒரு ஆண்டுக்குள் பெரும்பாலான சந்தைகள் வெறிச்சோடின. கடைசியாக உள்ளே வந்த ஏழைகள் கையில்தான் செல்லாத தாள் மிஞ்சியது. வாழைமரம் போட்ட ஜப்பான்காரன் நோட்டு 1945-ல் வெற்றுத்தாளான கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறிதாக இருங்கள். முகம் தெரிந்த அளவுக்கு மேல் வளர வேண்டாம்.

இனி உங்கள் பங்கு. மணிநேரத்துக்கு என்ன விலை என்று உடனே கேட்பீர்கள். அமெரிக்காவின் இதாக்கா நகரில் 1991-ல் பால் குளோவர் ஒரு ‘அவர்’ என்றால் பத்து டாலர் என்று வைத்தார். நான் அப்படி ரிங்கிட்டோடு முடிச்சுப் போடச் சொல்ல மாட்டேன். இத்தனை மணிநேரத்துக்கு ஒரு மளிகைப் பை என்று வையுங்கள்: அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, கொஞ்சம் மசாலாத் தூள். பையில் என்ன இருக்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். மாதத்துக்கு எத்தனை பை என்று ஒவ்வொரு கடையும் தன் சக்திக்கு ஏற்றபடி முன்கூட்டியே சொல்லிவிடட்டும். வியாபாரம் தூங்கும் நாள்களில் கொடுத்தால் உங்களுக்கும் கை கடிக்காது.

உங்கள் கணக்கில் சேரும் மணிநேரம் செலவாக வழி இல்லையென்றால் திட்டம் படுத்துவிடும். பல ஊர்களில் கடைக்காரர்கள் அலுத்து விலகியது இதனால்தான். வாங்கி வாங்கிச் சேர்த்தார்கள், கொடுக்க இடமில்லை. எனவே முதலிலேயே யோசியுங்கள். பண்டிகைக்கு முன் பொட்டலம் கட்ட வெளியாள் வேண்டும். கடைப் பிள்ளைகளுக்கு டியூஷன் வேண்டும். இணையத்தில் கடையைப் பற்றிப் படம் போட ஒரு கல்லூரி மாணவி வேண்டும். கோயில் மண்டப வாடகையில் ஒரு பகுதியை மணிநேரமாக வாங்கிக்கொள்ள நிர்வாகம் இசைந்தால், அந்த மணிநேரம் கோயில் துப்புரவுக்கும் பூ கட்டுவதற்கும் திரும்பி மாடிக்கே வந்துசேரும். உங்களுக்குள்ளேயே ஒருவர் லோரியை இன்னொருவர் பயன்படுத்திக்கொள்வதையும் இதில் எழுதலாம். ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்யும் வேலையை மணிநேரக் கணக்குக்கு மாற்றி ஒரு தொழிலாளியை நிறுத்திவிடாதீர்கள். அப்படி ஒன்று நடந்தால் நானே முதலில் எதிர்த்து எழுதுவேன்.

பிரேசிலின் ஃபோர்தலேசா நகரக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் வாழும் பல்மெய்ராஸ் குடியிருப்பில், 1998-ல் பல்மாஸ் வங்கியைத் தொடங்குவதற்கு முன் வீடு வீடாகப் போய், எதை எங்கே வாங்குகிறீர்கள், உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டு வரைபடம் போட்டார்கள். அதற்குப் பிறகே கடன், அதற்குப் பிறகே நாணயம். நீங்களும் அச்சகத்துக்குப் போவதற்கு முன் ஆயர் ஈத்தாமுக்கும் ஜெலுத்தோங்குக்கும் பிறைக்கும் வாருங்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. கடை முதலாளிகள் மட்டும் வராமல் கல்லாவில் உட்காரும் வீட்டுக்காரம்மாக்களையும் அழைத்து வாருங்கள்; பாக்கி வசூலிப்பது எப்படி, யாரிடம் எப்போது விட்டுக்கொடுப்பது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டால் நான் இருக்கிறேன். என் மணிநேரத்தையும் அதே நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். முட்டிவலிக்காரி, எனக்கும் அரிசிப் பை தூக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மளிகைக் கடைக் கணக்கர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு